காது மட்டும் மிச்சம்

உள்ளறையில் அந்தச் சத்தம் கேட்டபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். டிட், டிட், டா. சின்ன இடைவெளி. பிறகு மறுபடியும் அதே ஒலி.

தந்தியடிக்கும் மோர்ஸ் அவளுக்குத் தெரியாத பாஷை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் போல அதைக் கேட்டும் கேளாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் அவளுக்குத் தெரியும். அது அவள் கணவரின் அழைப்புக்குறி. வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி உண்டு. காற்றில் அவர்களுக்கு அதுதான் பெயர். ஆயிரம் டிட் டாக்களுக்கு நடுவே வந்தாலும் அந்த ஒன்றை அவள் பிரித்துக் கேட்டுவிடுவாள்.

இன்றைக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. யாரோ நோகாமல் கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் ரேடியோவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் மோர்ஸ் அடிக்கும் கீயின் பக்கமே போகவில்லை. ரேடியோவின் மங்கலான வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, யாரோ உங்களைக் கூப்பிடுறாங்களே. பதில் போடலையா?"

"கூப்பிடல."

"உங்க பேருதானே வருது?"

"பேரு வருது. நான் செத்துட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் கூட்டத்தில் யாரையும் இறந்தார் என்று சொல்வதில்லையாம், கீ அடங்கிவிட்டது என்பார்களாம். தன் குறிக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்ததை அவர் இப்போதுதான் தன் காதால் கேட்டு முடித்திருந்தார். குறுக்கே புகுந்து, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று அனுப்பியும் பார்த்துவிட்டார். அவர் அனுப்பியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவருக்காக அவர்கள் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்திலும் அவர் கீயை அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி மாடிக்கட்டடங்களில் அவர் கை படாத மோட்டார் இல்லை. எங்கே போனாலும் 'லிஃப்ட்காரர் வந்துட்டார்' என்பார்கள், சொந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. பேச்சு அவருக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பா, மாப்பிள்ளைக்கு வாய்க்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று புரோக்கரிடம் ரகசியமாக விசாரித்தாராம். ஆனால் அந்த வாய் செய்யாததையெல்லாம் அவர் வலது கை விரல் செய்தது. கீயில் விரலை வைத்துவிட்டால் வம்பு, கிண்டல், மழை நிலவரம், முட்டிவலிக்கு வைத்தியம் என்று கொட்டித் தீர்ப்பார். பிள்ளை இல்லாத வீடு. தன்னிடம் பேசாத பேச்செல்லாம் அந்த அறையில் போய்க் காற்றில் கரைகிறதே என்று ஆரம்பத்தில் அவளுக்கு ஆற்றாமை இருந்தது. பிறகு, பேசவாவது செய்கிறாரே என்று தேற்றிக்கொண்டாள்.

அந்த அறை முன்பு சாமான் போட்டு வைக்கும் அறையாக இருந்தது. கழித்துப்போட்ட ஒரு லிஃப்ட் கதவைக் கால் வைத்து மேஜையாக்கி அதன்மேல் ரேடியோவை வைத்திருந்தார். அதற்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் ஜன்னல் மேல் ஓட்டை வழியாக வெளியேறி, சுவரோடு ஏறி, மொட்டைமாடியில் நட்டிருந்த கம்பத்தின் உச்சிக்குப் போகும். அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் செம்புக் கம்பிதான் ஆன்டெனா. பேசுவதும் கேட்பதும் அந்த ஒரே கம்பியில்தான்.

சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் அவர் நண்பர்கள் காற்றில் கூடுவார்கள். அவர்களில் இரண்டு பேரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் இதே நகரத்தின் இன்னொரு கோடியில் பேக்கரி வைத்திருப்பவர். இன்னொருவர் தீவுக்காரர்.

தீவுக்காரர் கடலுக்கு நடுவே ஒரு பாறைத்தீவில் வானிலை ஆபீஸுக்காகக் காற்றையும் மழையையும் அளந்து சொல்லும் தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம். அங்கே மனிதப் பேச்சு என்றால் சாமான் கொண்டுவரும் படகு, ஆபீஸுக்குச் சொல்லும் அறிக்கை, பிறகு இந்தச் சாயங்காலக் கூட்டம், அவ்வளவுதான். அதிலும் லிஃப்ட்காரரிடம்தான் அவருக்கு உயிர். கூட்டம் கலைந்த பிறகும் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. குரலைக் கூடக் கேட்டதில்லை. கை மட்டும் தெரியும். மனிதருக்கு மனிதர் நடை மாறுவதுபோல மோர்ஸ் அனுப்பும் கையும் மாறும். லிஃப்ட்காரரின் கை கடைசி எழுத்தில் லேசாக நொண்டும். தீவுக்காரர் அதை வைத்தே அவரைக் கேலி செய்வார்.

அந்தத் தீவுக்காரருக்கு இருதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்தாக வேண்டும், மழைக்காலம் தாண்டினால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனக்கென்று யார் இருக்கிறார்கள், எதற்கு அறுத்துத் தைக்க வேண்டும் என்று அவர் தட்டிக் கழித்தபடி இருந்தார். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி லிஃப்ட்காரர்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். கடைசியில் தீவுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. நான் உள்ளே இருக்கும்போது நீ வெளியே உட்கார்ந்திருப்பாயா? உட்கார்ந்திருப்பேன் என்றார் லிஃப்ட்காரர். லிஃப்ட்காரரின் மனைவி ஆபரேஷன் நடக்கவிருந்த ஆஸ்பத்திரியில்தான் விசாரணை கவுண்டரில் வேலை பார்த்தாள். படுக்கையும் தேதியும் அவளே முயன்று வாங்கினாள். கடல் கொந்தளிக்கும் காலம் தொடங்குமுன் கடைசிப் படகு போகும், அதில் ஒரு மாற்று ஆள் போய் இறங்க, தீவுக்காரர் ஏறி வர வேண்டும் என்று ஏற்பாடு.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் சுருட்டை செத்தான்.

சுருட்டை லிஃப்ட்காரருடன் வேலை பார்த்தவன். தலைமுடி அப்படி. அன்றைக்கு ஒரு துணிக்கடைக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க லிஃப்ட்காரர்தான் போயிருக்க வேண்டும். மழைக்கு முன்னால் கம்பத்து உச்சியில் கேபிள் சேரும் இடத்தைப் பிரித்து மறுபடி கட்டிவிட வேண்டும் என்று ஒரு நச்சரிப்பு அவருக்குள் இருந்தது. சுருட்டையைப் போகச் சொன்னார். "போங்கண்ணே, போய் உங்க கம்பியைக் கொஞ்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். லிஃப்டின் பிரேக் வழுக்கி, லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். லிஃப்ட்காரர் மொட்டைமாடியில் ஏணிமேல் நின்றிருந்தபோது அவர் குடியிருந்த கட்டடத்து வாட்ச்மேன் மூச்சிரைக்க ஏறி வந்து சேதி சொன்னான். கையிலிருந்த டேப் சுருளை அப்படியே விட்டுவிட்டு அவர் இறங்கி ஓடினார்.

சாவு வீட்டில் யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. சுருட்டையின் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்த சுவரில் நின்றது. அங்கே யாரும் இல்லாததுபோல. அவர் தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சில நாள் அவர் ரேடியோ பக்கம் போகவில்லை. போன அன்று, காற்று என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தது. எப்போதும் பின்னணியில் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த இரைச்சல் எங்கோ தொலைவுக்குப் போயிருந்தது. சத்தக் குமிழைத் திருகியதும் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தெளிவாக வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல வந்தார்கள். இவர் கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. ஆன்டெனாவில் கோளாறோ என்று மீட்டரைப் பார்த்தார். அனுப்பும் சக்தி ஏறாமல் திரும்பி வந்தால் அதில் முள் எழும்பும். முள் எழும்பவே இல்லை, படுத்தே கிடந்தது. எல்லாம் சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. எல்லாம் சரியாக இருந்தும் யாருக்கும் கேட்கவில்லை என்றால், கோளாறு கம்பியில் இல்லை. தன்னிடம்தான்.

அன்றைக்குத்தான் அவருடைய மரண அறிவிப்பு வந்தது. லிஃப்ட் தொழிலாளி பலி என்று பத்திரிகையில் பேரில்லாமல் நாலு வரி வந்திருந்தது. பேக்கரிக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். சில நாளாக ஆளும் காற்றில் இல்லை. வேறு என்ன வேண்டும்?

அவள் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். "செத்தவருக்கு எதுக்கு நான் இத்தனை சட்டை துவைக்கணும்?" என்று கேட்டாள். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார், சாப்பிட்டார், படுத்தார். ஆனால் அவர் கண்ணில் ஏதோ அணைந்திருந்தது. ஒருநாள் கண்ணாடியில் தலை சீவியவர், சீவி முடித்த பிறகும் அங்கேயே நின்று, உள்ளே தெரிந்த ஆளை வெகுநேரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போன் போட்டு யாரிடமாவது சொல்லுங்களேன் என்றாள். அந்த நண்பர்களின் போன் நம்பரோ விலாசமோ அவருக்குத் தெரியாது. காற்றில் பழகியவர்கள் காற்றோடு சரி. அதுமட்டுமல்ல. விழுந்திருக்க வேண்டியவன் நான், ஊர் சரியாகத்தான் சொல்கிறது என்று அவருக்குள் ஒரு குரல் ஓதிக்கொண்டே இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது.

சுருட்டை விழுந்த அந்த லிஃப்டைச் சரிசெய்ய அவரையே அனுப்பினார்கள். குழிக்குள் இறங்கி நின்றார். மேலே, உச்சியில், மோட்டார் அறையில் உதவிக்கு இருந்தவனும் கடை வாட்ச்மேனும் பேசுவது ஒரு சொல் விடாமல் கீழே வந்தது. ஒருவன் இருமினான், மற்றவன் ஒரு காசைச் சுண்டிப் பிடிப்பது கூடக் கேட்டது. கரண்டை நிறுத்து என்று இவர் கத்தினார். பேச்சு நிற்கவில்லை. மறுபடி கத்தினார். இந்தக் குழிதானப்பா, பாவம், நல்ல மனுஷன் என்று மேலே யாரோ யாரையோ பற்றிச் சொல்வது கேட்டது. தன்னைப் பற்றியா, சுருட்டையைப் பற்றியா என்று இவருக்குப் பிடிபடவில்லை. வியர்த்து வழியக் குழியிலிருந்து தானே ஏறி வந்து, அதன் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஓடும் மின்விசிறிச் சத்தத்தில் கீழே கூப்பிட்டது கேட்கவில்லை அண்ணே என்று அந்த உதவியாள் பிறகு சொன்னான். அவர் அதை நம்பியது மாதிரி தலையாட்டினார்.

அன்று சாயங்காலம்தான் தீவுக்காரர் அதைச் சொன்னார். இனி எனக்கு ஆபரேஷன் வேண்டாம். வெளியே உட்கார ஆள் இல்லாத இடத்தில் நான் எதற்கு உள்ளே படுக்க வேண்டும். படகு புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்கால அறிக்கையில் மாற்று ஆள் வேண்டாம் என்று ஆபீஸுக்குச் சொல்லிவிடப் போகிறேன். பிறகு, கூட்டம் கலைந்ததும், இல்லாத லிஃப்ட்காரருக்கே தனியாக அனுப்ப ஆரம்பித்தார். இன்றைக்குக் காற்று வடக்கிலிருந்து அடித்தது. நேற்று ஒரு பறவை ஜன்னலில் மோதிச் செத்தது. நீ இருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பாய். கேட்கிறாயா?

லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கிறேன், கேட்கிறேன் என்று விரல் வலிக்க அடித்தார். அந்தப் பக்கம் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பெருமூச்சுவிட்ட மாதிரி ஓர் இடைவெளிக்குப் பிறகு, தொடர்ந்தது.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு வானிலை ஆபீஸுக்கே போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று மத்தியான அறிக்கை வாங்கும்போது சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லவும் செய்தார். அன்றைய சாயங்காலம் உள்ளறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வருவதைக் கேட்டு அவர் அவளுக்குச் சொன்னார்.

தீவுக்காரர் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸ்காரர்கள் அவன் இருக்கிறான் என்கிறார்கள். என்னைப் படகில் ஏற்ற எந்தப் பொய்யும் சொல்வார்கள். அவன் இருந்தால் என்னிடம் பேசாமல் இருப்பானா?

அதைச் சொல்லி முடித்ததும் லிஃப்ட்காரர் ரேடியோவை அணைத்தார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். சட்டை வழியாகச் சூடு தெரிகிறதா என்று தன்னை அறியாமல் தொட்டுப் பார்த்துவிட்டது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன்மேலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள்தான் படகுக்கு முந்தின நாள். விடிந்தால் படகு.

பிற்பகல் மழை விட்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் திறந்தாள். கனத்த உடம்புடன் ஒருவர் படிக்கட்டு ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். நகக்கண்ணில் மாவு. தெருத்தெருவாக நடந்து, மொட்டைமாடிகளையே அண்ணாந்து பார்த்துக் கம்பத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். கழுத்து சுளுக்கிக்கொண்டுவிட்டது என்றார். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் ஓடவில்லையே அம்மா என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து, தன் சார்பிலும் தீவில் இருக்கும் நண்பர் சார்பிலும் துக்கம் கேட்க வந்ததாகச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரிப் படுக்கை இனி வேண்டாம் என்றும் தீவுக்காரர் சொல்லச் சொன்னாராம். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அண்ணனுடைய ரேடியோ காயலான் கடைக்குப் போய்விடக்கூடாது, கொடுக்கிற எண்ணம் இருந்தால் தங்கள் கூட்டத்திலேயே யாராவது...

"கொடுக்கிற எண்ணம் இல்ல" என்றார் லிஃப்ட்காரர், உள்ளறை வாசலிலிருந்து.

பேக்கரிக்காரர் அவர் முகத்தை முன்பின் பார்த்ததில்லை. தம்பியாக இருக்கும் என்றுதான் நினைத்தார். நீங்க அவருக்கு என்ன வேணும் என்று கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். பேக்கரிக்காரரின் பார்வை மெல்ல இறங்கி லிஃப்ட்காரரின் பாதங்களுக்குப் போய், அவை தரையில் படிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே வந்தது. ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் தேவைப்பட்டன. தண்ணீர் உள்ளே போன பிறகு மனிதர் பழையபடி ஆனார். கூட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விறுவிறுவென்று கேள்வி கேட்டார். எல்லோரும் உங்கள் காதில் விழுகிறார்களா? விழுகிறார்கள். இரைச்சல் எப்படி? குறைந்துவிட்டது. மீட்டர் முள்?

"படுத்தே கிடக்கு. அசையவே மாட்டேங்குது."

"முன்னாடி?"

லிஃப்ட்காரர் யோசித்தார். முன்பெல்லாம் முள் கொஞ்சம் எழும்பித்தான் நிற்கும். அவ்வளவு எழும்பினால் பரவாயில்லை என்று விட்டிருந்தார்.

"ஐயா, இவ்வளவு ஒழுக்கமான ஆன்டெனா உலகத்துலயே கிடையாது" என்றார் பேக்கரிக்காரர். "வாங்க மேல."

மொட்டைமாடியில் ஏணி வைத்து ஏறினார்கள். உச்சியில் கேபிள் சேரும் இடம் திறந்தே கிடந்தது. பாதி சுற்றிய டேப் காற்றில் நாக்குப்போலத் தொங்கியது. அன்றைக்கு வாட்ச்மேன் வந்தபோது விட்டது விட்டபடி. இணைப்பைத் திருகிக் கழற்றியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. ஒன்று, பிறகு ஒன்று என்று நிற்காமல் சொட்டியது. மழை கேபிளின் நீளம் முழுவதும் இறங்கியிருந்தது. உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது.

லிஃப்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லா கேட்குதுன்னா நல்லா போகுதுன்னுதானே அர்த்தம், ஒரே கம்பிதானே என்று முணுமுணுத்தார். அவர்கள் கூட்டத்தில் எல்லோரும் நம்புவதுதான் அது.

கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார் பேக்கரிக்காரர், கேட்கிறவன் காதுக்குத்தான் ஒன்றில்லை. வரும்போது இந்த ஊறிப்போன கேபிள் குரலையும் விழுங்குகிறது, இரைச்சலையும் அதே அளவு விழுங்குகிறது. நீங்கள் குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்து பெரிதாகும், ஒன்றும் குறைந்த மாதிரி தெரியாது. போகும்போது அப்படியில்லை. உங்கள் சக்தி பாதி வழியிலேயே கேபிளைச் சூடாக்கிவிட்டு அடங்கிவிடுகிறது. திரும்பி வரவும் அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, அதனால்தான் முள் படுத்துக் கிடக்கிறது. மிச்சமாகப் போய்ச் சேருவது ஒரு முனகல். அங்கே தீவில் அவர் ஜெனரேட்டர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. அந்த உறுமலை யார் குறைத்தார்கள்? உப்புத்தண்ணீர் நடுவே கம்பம் நட்டிருப்பதால் அவர் குரல் உலகம் முழுக்கப் போகும். ஆனால் முனகல் அவர் காதில் ஏறாது. எங்களுக்கும் ஏறவில்லை, ஊருக்குள் இருக்கிற மோட்டாரெல்லாம் எங்கள் காதில்தான் ஓடுகிறது.

இருட்டிக்கொண்டு வந்தது. புதுக் கேபிள் இழுக்க நேரமில்லை. பேக்கரிக்காரர் தான் போய்த் தன் கடை ரேடியோவில் சொல்லட்டுமா என்றார். போய்ச் சேருவதற்குள் அறிக்கை நேரம் தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும் தீவுக்காரர் நம்பமாட்டார், நீயும் ஆபீஸ்காரர்களோடு சேர்ந்துவிட்டாயா என்பார். அவர் நம்புவதற்கு ஒரு கை மட்டும்தான் உண்டு.

லிஃப்ட்காரர் சட்டென்று திரும்பி, மாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறையைப் பார்த்தார். கம்பம் அதன் சுவரை ஒட்டித்தான் நின்றது. உள்ளே பிளக் உண்டு. ஆண்கள் இருவருமாக ரேடியோவைச் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். அவள் கீயையும் ரொட்டிப் பொட்டலத்தையும் எடுத்து வந்தாள், ஏன் ரொட்டியை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நின்றுபோன மோட்டாரின்மேல் ரேடியோவை வைத்து, கருவிப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டுக் கேபிளால் நேரே கம்பியோடு சேர்த்தார்கள். சுவிட்சைப் போட்டதும் பழைய இரைச்சல் அருவிபோல அறைக்குள் கொட்டியது. முள் கொஞ்சம் எழும்பி நின்றது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தீவுக்காரர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அடுத்து அறிக்கை. லிஃப்ட்காரர் தன் குறியை ஒருமுறை அனுப்பினார்.

காற்றில் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் அடங்கினார்கள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டுக் கேட்பவர்கள் எத்தனை அறைகளில் முதுகு சிலிர்த்து உட்கார்ந்திருந்தார்களோ. பிறகு தீவுக்காரர் வந்தார். பேக்கரிக்காரர் ஒவ்வொரு சொல்லாகத் தாழ்ந்த குரலில் அவளுக்குச் சொன்னார்.

"செத்தவன் பேரை வச்சு விளையாடாதீங்கன்றார்."

லிஃப்ட்காரர் மறுபடி அனுப்பினார். கடைசி எழுத்து வழக்கம்போல நொண்டியது.

"கை அவனோடதுதான்றார்." "எங்கேருந்து பேசுறேன்னு கேட்கிறார்."

மொட்டைமாடியிலிருந்து என்று பதில் போனது. மறுகேள்வி உடனே வந்தது. அதைச் சொல்ல பேக்கரிக்காரர் தயங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உயிரோடயான்னு கேட்கிறார்."

லிஃப்ட்காரரின் விரல் கீயின்மேல் நின்றது. அடிக்கவில்லை. ஆம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல்லுக்குக் குறுக்கே சுருட்டை சிரித்துக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கையை அவர் முழங்கால்மேல் வைத்தாள், அவ்வளவுதான். அத்தனை நாளும் வராத கண்ணீர் அப்போது அவருக்கு வந்தது. வழியவிட்டபடியே அனுப்பினார். பேக்கரிக்காரர் அதை வாய்விட்டுப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் லிஃப்ட்காரரே, அனுப்பிக்கொண்டே, அவளுக்குச் சொன்னார்.

"எனக்குப் பதிலா ஒருத்தன் போயிட்டான். நான் இருக்கேன்."

காற்று இரைந்தது. எங்கோ கடலுக்கு நடுவே ஒரு மனிதன் இதை எத்தனை முறை மனதுக்குள் திருப்பிப் படித்தானோ. பதில் வந்தபோது அது மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

"எனக்குச் சரியா நம்ப முடியல. இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. சொன்ன மாதிரி வெளிய உட்கார்ந்திரு. வர்றேன்."

அதோடு அவர் போய்விட்டார். அறிக்கை நேரம். மூன்று பேரும் ஆபீஸ் அலைவரிசைக்கு ரேடியோவைத் திருப்பி, காற்றின் வேகம், மழையளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசியில், மாற்று ஆளை அனுப்புங்கள் என்று வந்தது. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ரேடியோவைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேக்கரிக்காரர் கிளம்பினார். விடியற்காலைக்கு மாவு பிசைய வேண்டும் என்றார். புதுக் கேபிள் தானே கொண்டுவந்து போடுவதாகவும், அதுவரை ஏணி ஏறவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். வாசலில் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கியவர், குலுக்கி முடித்த பிறகும் விடாமல் வைத்திருந்தார்.

"நாளைக்கு சாயங்காலம் துறைமுகத்துக்கு நானும் வர்றேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அவர் முகத்தை நாம யாருமே பார்த்ததில்லையே. எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"படகுலேருந்து ஒருத்தர்தான் இறங்குவார்" என்றார் லிஃப்ட்காரர்.

இறங்கினால் என்று மூவருமே நினைத்தார்கள். பேக்கரிக்காரர் இருட்டில் படியைத் தடவித் தடவி இறங்கத் தொடங்கினார். அவள் டார்ச்சை எடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக அவருக்கு வெளிச்சம் காட்டினாள். கடைசி மாடித் திருப்பமும் தாண்டி அந்தக் காலடிச் சத்தம் தெருவில் கரையும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.